ரேணுகாவின் வேகம்

இரண்டு இட்லி சாப்பிட்டு முடிக்க ரேணுகாவுக்கு நாற்பது நிமிடம் ஆகும். அதனால் அவள் கணவன் பூபதி ஆறரை மணிக்கே தட்டை அவள் முன்னால் வைத்துவிடுவான். அவன் குளித்து, துணி காயப்போட்டு, கடைச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு வரும்போது அவள் கை இரண்டாவது இட்லியைத் தொட்டிருக்கும். "போயிட்டு வர்றேன் ரேணு" என்பான். அவள் முகத்தைத் திருப்பத் தொடங்குவாள். அந்த முகம் முழுதாகத் திரும்பித் தன்னைப் பார்க்கும்வரை அவன் நின்ற காலம் ஒன்று உண்டு. முதல் இரண்டு வருடம் நின்றான். அப்புறம் வாசலிலிருந்தே சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பப் பழகிக்கொண்டான். அவள் "சரிங்க மாமா" என்று சொல்லி முடிக்கும்போது அவன் ரயில்வே கேட்டைத் தாண்டியிருப்பான்.

ஈரோட்டுச் சித்திரை வெயிலில் ஊரே மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிடக்கும். ரேணுகா கழுத்துவரை கம்பளி போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவள் உடம்புச் சூடு மற்றவர்களைவிட நாலு டிகிரி குறைவு. நாடி நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. எல்லாம் அப்படி இருக்கவேண்டும் என்று டாக்டர்கள் செய்து வைத்ததுதான்.

ஒரு காலத்தில் அவளைப்போல வேகமாகப் பேசுகிறவள் அந்தத் தெருவிலேயே கிடையாது. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் பேச்சில் கமாகூட இருக்காது என்று பூபதியின் அக்கா கிண்டல் செய்வாள். அப்படிப்பட்டவளுக்கு முப்பத்தாறாவது வயதில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கால் மடங்கியது. நாலு மாதம் பல டாக்டர்களிடம் அலைந்த பிறகு கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொன்னார்கள். நரம்பு நோய். காலில் தொடங்கி மேலே ஏறும். கடைசியில் மூச்சுக்கு வந்து நிற்கும். மூன்று வருடம் என்றார்கள். மருந்து ஒன்று பரிசோதனையில் இருக்கிறது, வந்து சேரப் பத்து வருடமாவது ஆகும் என்றும் சொன்னார்கள்.

"மூணு வருசத்தைப் பத்து வருசமா இழுக்க ஒரு வழி இருக்கு" என்றார் டாக்டர் நஸ்ரின். நாற்பதைத் தாண்டாத, நிதானமாகப் பேசுகிற டாக்டர். ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு வளையம் வரைந்தார். ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு புள்ளி வைத்தார். "கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்குல்லீங்க? அது செய்யிற ஹார்மோன் இது. நாலு புள்ளியும் அயோடின். நாலும் இருக்கறவரைக்கும் இது சும்மா கையிருப்பு, பெருசா வேலை செய்யாது. உடம்பு ஒரு அயோடினைக் கழட்டி, மூணாக்கினாத்தான் வேலை. இதயம் எத்தனை வேகமாத் துடிக்கணும், உடம்பு எத்தனை சூடா இருக்கணும், எல்லாம் அந்த மூணுதான் சொல்லுது."

"சரிங்க."

"எந்த அயோடினைக் கழட்டுறோங்கறதுலதான் விசயம். வெளி வளையத்துல இருந்து கழட்டினா உசுரு. உள் வளையத்துல இருந்து கழட்டினாலும் மிச்சம் மூணுதான். அதே மூணு. ஆனா அது ஒண்ணுக்கும் உதவாது. ரிவர்ஸ்னு அதுக்குப் பேரு."

பூபதி மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரன். போர்வெல் மோட்டார் கரிந்து வந்தால் பிரித்துச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக் கொடுப்பவன். சட்டென்று பிடித்துக்கொண்டான். "அதே கம்பி, அதே சுத்து, திருப்பிச் சுத்திப்போட்ட மாதிரிங்களா?"

"அதேதானுங்க. பட்டினி கிடந்தாலோ, பெரிய காய்ச்சல்ல படுத்தாலோ உடம்பு தானாவே கொஞ்ச நாளைக்கு இப்படித் திருப்பிக்கும். தீனி இல்லாதப்போ அடுப்பைத் தணிச்சு வெக்கற மாதிரி. நாங்க ஊசி போட்டு அதை நிரந்தரமாத் திருப்பி வெக்கிறோம். கல்லீரல், தசை, மூளை எல்லாத்துலயும். உடம்பு நாலுல ஒரு பங்கு வேகத்துல ஓடும். நோயும் அதே வேகத்துலதான் ஏறும்."

தணிப்புச் சிகிச்சை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அப்போது நாட்டில் இருநூறு பேர்கூட அதில் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரேணுகா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "டாக்டர், எனக்கு நாள் எப்படித் தெரியும்?" என்றாள்.

"உங்களுக்கு எதுவும் மெதுவாத் தெரியாதுங்க. மத்தவங்கதான் வேகமாத் தெரிவாங்க."

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அவள் சொன்னாள். "எனக்கு இது வேண்டாம் மாமா. மூணு வருசம் உங்ககூடவே இருந்துட்டுப் போயிடறேன்."

"பாப்பாவுக்குப் பதினொரு வயசு ரேணு."

"அதனாலதான் சொல்றேன். மூணு வருசமும் அவகூடப் பேசிட்டே இருப்பேன். இதுல போட்டீங்கன்னா அவ சடங்கு, பரிச்சை, காலேஜ் எல்லாம் என் முன்னால பஸ்ஸாட்டம் ஓடிப்போயிரும். நான் ஸ்டாப்பிங்ல நின்னு பாத்துட்டே இருப்பேன்."

அவன் விடவில்லை. ஒரு வாரம் கெஞ்சினான். சாப்பிடாமல் கிடந்தான். கடைசியில் மகள் தாரிணியைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தி, "நீயே சொல்லு கண்ணு, அம்மா இருக்கோணுமா வேண்டாமா?" என்று கேட்டான். பதினொரு வயதுக் குழந்தை என்ன சொல்லும்? அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதது. ரேணுகா அதன் தலையைத் தடவிக்கொண்டே, "சரி" என்றாள். அவனைப் பார்க்காமல் சொன்னாள்.

தொடக்கத்தில் வீடே அவளுக்காக மெதுவாகியது. பேச்சை இழுத்து இழுத்து அவள் வேகத்துக்குக் கொண்டுவரும் செயலி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். தாரிணி பள்ளியிலிருந்து வந்ததும் நடந்ததையெல்லாம் அதில் பேசிப் பதிந்து அம்மா காதில் மாட்டுவாள். பத்து நிமிடம் பேசியதை ரேணுகா நாற்பது நிமிடம் கேட்பாள். பாதியில் அவள் முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கும். எந்த இடத்துக்குச் சிரிக்கிறாள் என்று தாரிணி கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பாள். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

ஆனால் குழந்தை எத்தனை நாள் விளையாடும்? பத்து நிமிடப் பேச்சு ஐந்தானது, இரண்டானது. ஒன்பதாம் வகுப்பு வந்தபோது, "அம்மா, பரிச்சை முடிஞ்சுது, நல்லா எழுதியிருக்கேன்" என்று சுருங்கியது. ஒரு நாள் ரேணுகா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். "நீ... வ... ள..." என்று போய்க்கொண்டிருந்தது. வாசலில் தோழிகள் சைக்கிள் மணியை அடித்தார்கள். தாரிணி அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஓடினாள். 'நீ வளந்துட்டே கண்ணு' என்று ரேணுகா சொல்லி முடித்தபோது அறையில் யாரும் இல்லை. பூபதி சமையலறையில் இருந்து அதைக் கேட்டான்.

அவனும் ஒன்றும் பெரிய மனிதன் இல்லை. காலையில் இட்லி, மதியம் ஜாடியில் கஞ்சி, மாலையில் கம்பளி மாற்றுவது, மாதம் ஒருமுறை கோயமுத்தூர். வருடங்கள் போகப் போக அது மோட்டாருக்கு எண்ணெய் விடுகிற மாதிரி ஒரு வேலையாகிவிட்டது. கோயமுத்தூரில் செம்புக் கம்பி மொத்த வியாபாரம் செய்கிற கௌசல்யா என்கிற பெண்ணோடு போனில் பேசப் பழகியிருந்தான். கணவனைப் பிரிந்தவள். கம்பிக்கு ஆர்டர் சொல்ல ஆரம்பித்த பேச்சு, சாயங்காலம் அரை மணி நேரப் பேச்சாக வளர்ந்திருந்தது. தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவன் கடையை நேரத்துக்குப் பூட்டினான். கூடத்தில் ரேணுகா நாற்காலிக்கு எதிரிலேயே உட்கார்ந்து பேசுவான். அந்த வேகத்துப் பேச்சு அவளுக்கு வெறும் குருவிச் சத்தம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏழாவது வருடத்தின் கடைசியில் ஒரு நாள் கௌசல்யா, "வீட்ல யாருங்க இருக்காங்க, சத்தமே இல்லையே?" என்று கேட்டாள். "யாரும் இல்லீங்க. ஒரு சேர் மட்டும் மூச்சு விட்டுட்டு இருக்குது" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரித்த பிறகுதான் எதிரே பார்த்தான். ரேணுகா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாரிணி கல்லூரியில் சேர்ந்த வருடம், "இனிமே அம்மாவைக் குளிப்பாட்டறது, நாடி பார்த்து எழுதறது எல்லாம் நானே பண்றேன்ப்பா. வயசுப் பொண்ணு இருக்கறப்போ நீங்க எதுக்கு?" என்றாள். கோயமுத்தூருக்கும் அவளே கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். அம்மாவை விட்டு விலகிப்போன குற்ற உணர்ச்சியில் செய்கிறாள் என்று பூபதி நினைத்தான். மனதுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்படிப் பதினான்கு மாதம் போயிற்று. கல்லூரியில் நாலு நாள் பெங்களூர் கூட்டிப்போனார்கள். தாரிணி போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். பூபதிதான் சத்தம் போட்டு அனுப்பி வைத்தான்.

மறுநாள் காலை ரேணுகாவைக் குளியலறைக்குத் தூக்கிப்போக வேண்டியிருந்தது. கம்பளியை விலக்கிவிட்டுக் கையை அவள் முதுகுக்கு அடியில் கொடுத்தான். கொடுத்த கை அப்படியே நின்றது.

உடம்பு சுட்டது. ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. அவன் கையோ ஐஸ் மாதிரி இருக்கும் முதுகுக்குப் பழகியது. காய்ச்சலோ என்று பயந்துபோய் மணிக்கட்டைப் பிடித்தான். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். எண்பத்திரண்டு. மறுபடி எண்ணினான். எண்பத்தாறு. ரேணுகாவின் முகம் எப்போதும்போல மெல்ல அவன் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ஆனால் கண் மட்டும் ஏற்கெனவே அவனைப் பார்த்துவிட்டு விலகியது.

கொல்லைப்புறம் போய் நஸ்ரினுக்குப் போன் செய்தான். நாடி எண்பத்தாறு என்றான்.

"பூபதி, நான் சொல்லக்கூடாதுன்னு அவங்க எழுதிக் குடுத்திருக்காங்க. நோயாளி எழுதிக் குடுத்தா நான் கட்டுப்பட்டவ. ஆனா நீங்களே எண்ணிட்டீங்க. இனி என்ன மறைக்கறது."

"என்னங்க ஆச்சு அவளுக்கு?"

"சிகிச்சை விட்டுப்போச்சுங்க. போன வருசமே. நாங்க கல்லீரலைத் திருப்பினோம், தசையைத் திருப்பினோம், மூளையைத் திருப்பினோம். தைராய்டைத் தொடல. அது சரக்கு செஞ்சு அனுப்பற இடம்தானேன்னு விட்டுட்டோம். ஆனா அயோடினைக் கழட்டற வேலை அதுக்கும் தெரியும். உடம்பு பசியில கத்தக் கத்த, அது தன்னோட ஹார்மோனைத் தனக்குள்ளயே வெச்சு மாத்த ஆரம்பிச்சிருச்சு. வெளி வளையத்துல கழட்டி, வேலை செய்யிற மூணாவே ரத்தத்துல அனுப்புது. ரெண்டே மாசத்துல அவங்க பழைய வேகத்துக்கு வந்துட்டாங்க."

"அப்போ நோயி?"

"அதுவும் பழைய வேகந்தான்."

பூபதி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தான். "அன்னைக்கே ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்களா?"

"தைராய்டையே எடுத்துட்டு, அளவாக் கையிருப்பு மருந்து குடுத்தா மறுபடியும் தணிச்சிருக்கலாம். சொன்னேன். அப்போ மிச்சம் இருந்தது பதினேழு மாசம். தணிச்சிருந்தா அஞ்சரை வருசம் ஆகியிருக்கும். அவங்க வேண்டாம்னுட்டாங்க. இப்ப மிச்சம் மூணு மாசமோ நாலு மாசமோ. இப்ப எடுத்தாலும் வருசம் ஒண்ணு கிடைக்கும். ஆனா அவங்க சம்மதிக்கோணும்."

அவன் உள்ளே வந்தான். காலையில் அவளுக்கு வைத்த டீ நாற்காலிப் பலகையில் அப்படியே இருந்தது. அவள் வலது கை அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எட்டு வருடமாகப் பார்த்த அதே மெதுவான கை. நோய் தோள்வரை ஏறியிருந்தது. அந்தக் கையை அத்தனை மெல்ல, அத்தனை நேரம் அந்தரத்தில் நிறுத்தி வைப்பதற்கு எவ்வளவு வலிக்கும் என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. மணிக்கட்டு நடுங்கியது. அவன் போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி மடியில் வைத்தான்.

"போதும் ரேணு" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். சட்டென்று, முழு முகமும் திரும்பி.

"டாக்டர் சொல்லிட்டாங்களா மாமா?"

எட்டு வருடத்துக்குப் பிறகு அவனிடம் அவள் ஒரே மூச்சில் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவன் தரையில் உட்கார்ந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அழுது முடித்தபோது கோபம் வந்தது.

"ஏன் சொல்லல? பதினாலு மாசம்! என் கண்ணு முன்னாடி உக்காந்துட்டு எனக்கே நடிச்சிருக்கறே."

"சொன்னா விட்டுருப்பீங்களா?"

"எப்படி விடுவேன்?"

"அதாங் மாமா." அவள் மூச்சு வாங்கினாள். நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தது. வேகம் திரும்பியிருந்தது, மூச்சு குறைந்திருந்தது. "நீங்க என்ர கையைக் காலைக் கட்டியாவது கூட்டிட்டுப் போயிருப்பீங்க. ஆறரை வருசம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. ஃபேன் சுத்தறது கண்ணுக்குத் தெரியாது. பொழுது விடியும், ஒரு வாய் காப்பி குடிக்கறதுக்குள்ள பாதி வெயில் போயிருக்கும். பாப்பா ஒரு பாவாடையோட உள்ள போவா, சுடிதாரோட வெளிய வருவா. ஒரு நாள் காலையில என்னமோ நின்ன மாதிரி இருந்துச்சு. பாத்தா வேப்பமரத்துல காக்கா உக்காந்திருக்கு. அது கழுத்தைச் சாய்ச்சது தெரிஞ்சுது. குக்கர் விசில் சத்தம் விசிலாவே கேட்டுச்சு. நீங்க கொல்லையில யாரையோ திட்டிட்டு இருந்தீங்க. ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. எனக்கு அழுகையா வந்துருச்சு."

"அப்பவே கூப்பிட்டிருக்கலாமில்ல."

"வாயைத் தொறக்கத்தான் போனேன். அப்புறம் யோசிச்சேன். கூப்பிட்டா மறுபடி போகோணும். பதினேழு மாசம்னாலும் பரவால்ல, உங்க எல்லாரோட வேகத்துலயே இருந்துட்டுப் போயிரலாம்னு தோணுச்சு."

"எங்ககூட எங்க இருந்தே? நான் உன்கிட்டப் பேசவே இல்லையே!" என்றான். சொல்லும்போதுதான் அது முழுசாக அவனுக்கு உறைத்தது. பதினான்கு மாதம் அவள் இங்கேயே, எதிர் நாற்காலியில், எல்லாரையும்போல இருந்திருக்கிறாள். அவன் 'சாப்பிடு', 'போயிட்டு வர்றேன்' தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருமுறை கையைப் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். பதினான்கு மாதத்தில் ஒருமுறை.

"கௌசல்யாகிட்டப் பேசினதெல்லாம் கேட்டிருப்பே" என்றான், தலையைத் தூக்காமல்.

"கேட்டேன். சேர் மூச்சு விடுதுன்னீங்களே, அன்னைக்கு எனக்கும் சிரிப்பு வந்துருச்சுங். அடக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு."

"ரேணு..."

"நெஜமாத்தான் சொல்றேன் மாமா. நீங்க சிரிச்சுக் கேட்டு எத்தன வருசம் ஆச்சு. எங்கிட்டச் சிரிக்கலையேன்னு இருந்துச்சு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா எங்கியாவது சிரிக்கறாரேன்னும் இருந்துச்சு."

அன்று அவன் கடை திறக்கவில்லை. மதியம் முழுக்கக் கெஞ்சினான். ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள் என்றான். ஒரு வருடம், ஒரே ஒரு வருடம் என்றான். முன்பு செய்தது போலவே சாப்பிடாமல் இருந்தும் பார்த்தான். அவள் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். "ஒரு தடவை உங்களுக்காகப் போயிட்டு வந்தேன். இந்தத் தடவை எனக்காக விடுங்க" என்றாள். பிறகு, "பாப்பா வந்தா அவளைத் திட்டாதீங்க. நான்தான் சத்தியம் வாங்கிட்டேன்" என்றாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

கேட்டுவிட்டு அவனே விடையைத் தெரிந்துகொண்டான். குளிப்பாட்டுவதை அவள் வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப்போனது.

"முதல் மாசமே கண்டுபுடிச்சுட்டா. அன்னைக்குக் காலேஜ்ல யாரோ என்னமோ சொல்லிட்டாங்கன்னு என் காலடியில உக்காந்து அழுதா. எனக்குப் பொறுக்கல. தலையில கை வெச்சேன். வேகமா வெச்சுட்டேன் போல இருக்கு." ரேணுகா சிரித்தாள். "அப்புறம் நீங்க கடைக்குப் போனதும் நாங்க பேச ஆரம்பிச்சா பேச்சுத்தான். லீவு நாள்ல நீங்க எப்படா போவீங்கன்னு இருப்போம். ஏழு வருசத்துப் பேச்சு மிச்சம் இருந்துச்சில்லீங்க."

அவளுக்குத் துணைக்கு ஒருத்தி இருந்தாள் என்பதில் பூபதிக்கு ஆறுதல் இருந்தது. தன் வீட்டில் பேச்சும் சிரிப்பும் இருந்திருக்கின்றன, தான் வாசலைத் தாண்டிய பிறகு. அதுவும் இருந்தது.

தாரிணி வந்தபோது அவனும் ரேணுகாவும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் பையோடு வாசலிலேயே நின்றாள். அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. அப்பா கத்துவார் என்று நின்றாள். அவன், "வா கண்ணு. கை காலைக் கழுவிட்டு வா, மூணு பேரும் சாப்பிடலாம்" என்று மட்டும் சொன்னான். அன்றும் சரி, பிறகும் சரி, அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள் என்று அவனுக்குத் தெரியும்.

மூன்று மாதம் பத்து நாள் கிடைத்தது. பூபதி கடையை அடைத்து வைத்தான். காலையில் இட்லியை ஊட்டினான், பத்து நிமிடத்தில் தட்டு காலியாகும். மிச்ச நேரமெல்லாம் பேச்சு. அவன் எட்டு வருடக் கதையைச் சொன்னான். அக்காவோடு சண்டை போட்டது, கடையில் தீப்பிடித்தது, ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தை மூடியது. "இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாதுங்" என்று அவள் வாய் பிளந்து கேட்டாள். பேச்சுக்கு நடுவே சண்டையும் போட்டுக்கொண்டார்கள். ஒருமுறை தேங்காய்ச் சட்னிக்காக அரை நாள் பேசவில்லை. கடைசி வாரத்தில் அவளுக்குக் குரல் போய்விட்டது. கண்ணைச் சிமிட்டினாள். அதுவும் வேகமாகவே சிமிட்டினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஜன்னல் வெளிச்சத்தில், அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கும்போது மூச்சு நின்றது.

தாரிணி படிப்பை முடித்துப் பெங்களூரில் வேலைக்குப் போனாள். பூபதி மறுபடி கடையைத் திறந்தான். கௌசல்யாவிடம் கம்பி வாங்குவதை நிறுத்தவில்லை. ஆனால் ஆர்டரை எழுதி அனுப்பினான், பேசுவதில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

ரேணுகா போய் இரண்டு வருடமும் சில மாதமும் கழித்து ஒரு மதியம் நஸ்ரின் போன் செய்தார். குரலில் தயக்கம். "சாயங்காலம் செய்தியில வந்துரும். அதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு கூப்பிட்டேன். அந்த நரம்பு நோய்க்கு மருந்து வந்துருச்சு பூபதி. தணிப்புல இருந்த எங்க பேசண்ட் பதினோரு பேருக்கு அடுத்த மாசம் குடுக்கறோம். நல்லா வேலை செய்யுது."

"நல்லதுங்க" என்றான் பூபதி. "ரொம்ப நல்லதுங்க டாக்டர்." போனை வைத்துவிட்டு, பிரித்துப்போட்டிருந்த மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றான். அஞ்சரை வருடம் என்று அன்று டாக்டர் சொன்ன கணக்கு அவனுக்கு மறக்கவில்லை. அன்றே மறுபடி தணித்திருந்தால் இன்னும் ஒன்றரை வருடத்துக்கு மேல் கையில் இருந்திருக்கும்.

சாயங்காலம் தாரிணி கூப்பிட்டாள்.

"நியூஸ் பாத்தியா கண்ணு?"

"பாத்தேன். கணக்குப் போட்டுப் பாத்தேன்ப்பா" என்றாள். "அன்னைக்கே நான் உங்ககிட்டச் சொல்லியிருந்தா, நீங்க விட்டிருக்க மாட்டீங்க. தைராய்டை எடுத்திருப்பீங்க. அம்மா இன்னைக்கு இருந்திருப்பா. இருந்திருப்பா இல்ல?"

ஆமாம் என்பதுதான் பதில். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அவள் கணக்கு டீச்சரின் மகள்.

"நான்தாம்ப்பா..." என்று தாரிணி தொடங்கினாள்.

"எனக்குத் தெரியும் கண்ணு" என்றான் பூபதி.

"என்னப்பா?"

"அம்மாவுக்குச் சூடு திரும்பினது எனக்கு முன்னாடியே தெரியும். நீ பெங்களூர் போனப்பத்தான் தெரிஞ்சுதுன்னு நெனச்சுட்டு இருக்கறயா? நீ கண்டுபுடிச்ச அதே மாசத்துல எனக்கும் தெரியும்."

பூபதி போனை மறு காதுக்கு மாற்றினான்.

"தினமும் ராத்திரி, நீ தூங்கினதுக்கு அப்புறம், அவ பக்கத்துல உக்காந்து கொஞ்ச நேரம் கையைப் புடிச்சுட்டு இருப்பேன். எட்டு வருசமும் ஒரு நாள் விடல. கையைப் புடிச்சவனுக்குச் சூடு தெரியாமப் போயிருமா? அவ நடிக்கறான்னு தெரிஞ்சுது. அவ ஆசைப்படறா, இருக்கட்டும்னு நானும் சும்மா இருந்துட்டேன். டாக்டர்கிட்டப் போலாம்னா நான் போயிருக்கலாம். போகல. அது என்ர முடிவு கண்ணு. உன்ரது இல்ல."

அவன் குரல் நடுங்கவில்லை. எங்கே நடுங்கிவிடுமோ என்று மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நெஜமாவாப்பா?" என்றாள் தாரிணி. சின்னக் குழந்தையின் குரல் போல இருந்தது. "தினமும் புடிச்சுட்டு இருப்பீங்களா?"

"தினமும்" என்றான் பூபதி.

மறுமுனையில் அவள் உடைந்து அழத் தொடங்கினாள். அந்த அழுகையில் ஒரு பாரம் இறங்குவது அவனுக்குக் கேட்டது. அது ஓயும்வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தான்.